குதிகாலுக்கு அடியில் சில மில்லிமீட்டர்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் சித்தூர், வேலை திருப்பதியில். அலிபிரி வழியாகப் பலமுறை நடந்தே திருமலை ஏறியிருக்கிறேன், நடந்தே இறங்கியும் இருக்கிறேன். கால் பலவீனம் என்று யாரும் சொல்ல முடியாது. போன குளிர்காலத்தில் குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பயிற்சிக்குப் போனேன். பூட்ஸ் தோழி கொடுத்தது, அளவு 23.5, கச்சிதமாக இருந்தது. பலகை மட்டும் வாடகை. முதலில் கிடைத்த ஜோடியில் கொஞ்ச நேரத்திலேயே தொடை எரிய ஆரம்பித்தது. கால்விரல்கள் தானாக மடங்கிக்கொண்டன. பயிற்சியாளரோ "பின்னால் உட்காராதீர்கள், முன்னால் சாயுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாய்ந்தால் இன்னும் மோசம். பிறகு கடைக்காரர் வேறு ஜோடி மாற்றிக் கொடுத்தார். அதே பூட்ஸ்தான், ஆனால் தொல்லை பாதியாகிவிட்டது. கூட வந்தவர் ஒருவர், "எல்லாம் பைண்டிங்கின் ரேம்ப் கோணம்" என்றார். அப்படியென்றால் என்ன? சில மில்லிமீட்டருக்கு இவ்வளவு பலமா? அடுத்து, ஏறவும் சறுக்கவும் உதவும் டூரிங் பைண்டிங் வாங்க ஆசைப்படுகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— ஒரு வாசகி, சித்தூர்

பதில்: கூட வந்தவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் "எல்லாம்" என்று அவர் சேர்த்துக்கொண்டதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில் அந்தக் கோணம் எது என்று பார்த்துவிடுவோம். பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்கும் பைண்டிங் இரண்டு துண்டு. ஒன்று விரல் பக்கம், மற்றொன்று குதிகால் பக்கம். இரண்டும் ஒரே உயரத்தில் இருப்பது அபூர்வம். பெரும்பாலான பைண்டிங்குகளில் குதிகால் பக்கம் சில மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். அந்த வித்தியாசத்தை டெல்டா என்பார்கள். அதனால் பூட்ஸ் முழுவதும் முன்னோக்கிச் சாய்கிறதே, அந்தச் சாய்வுதான் ரேம்ப் கோணம். சாதாரணச் சறுக்குப் பைண்டிங்குகளில் டெல்டா ஒன்றுமில்லாததிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் வரை இருக்கும். நீங்கள் வாங்க ஆசைப்படும் டூரிங் வகையில், குறிப்பாக ஊசி போன்ற பின்கள் பூட்ஸைப் பிடிக்கும் வகையில், 10 மி.மீ.க்கு மேல் போகும் மாடல்களும் உண்டு.

இப்போது உங்கள் பாதத்துக்குக் கணக்குப் போடுவோம். 23.5 அளவு பூட்ஸின் அடிநீளம் ஏறத்தாழ 275 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். டெல்டா 4 மி.மீ. என்றால் சாய்வு 1 பாகைக்கும் குறைவு. 12 மி.மீ. என்றால் 2.5 பாகை. அதே 12 மி.மீ. பைண்டிங்கை 325 மி.மீ. நீளப் பூட்ஸ் போடும் நெட்டையான ஆண் மாட்டிக்கொண்டால் அவருக்கு 2.1 பாகைதான். பைண்டிங் ஒன்றே, சின்னப் பாதத்துக்குச் சரிவு அதிகம். வாடகைக் கடையில் ஆண், பெண், சிறுவர் எல்லாருக்கும் ஒரே மாடல் பைண்டிங்கை மாட்டிக் கொடுக்கும்போது, இந்த வித்தியாசத்தைச் சுமப்பவர்கள் சின்னப் பாதக்காரர்கள். பெரும்பாலும் பெண்கள். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இரண்டரை பாகை என்ன பெரிய கோணம் என்று தோன்றும். உடம்பின் எடைமையம் தொப்புளை ஒட்டிய உயரத்தில், உங்களுக்குத் தரையிலிருந்து சுமார் 90 செ.மீ.யில் இருக்கும். கணுக்காலிலிருந்து மேலே உள்ள உடம்பு அப்படியே 2.5 பாகை முன்னால் சாய்ந்தால் அந்த மையம் கிட்டத்தட்ட 4 செ.மீ. முன்னே நகரும். உங்கள் பாதமே 24 செ.மீ.க்குள்தான். நின்று சமாளிக்கக் கிடைத்திருக்கும் இடத்தில் ஆறில் ஒரு பங்கு அப்படியே போய்விட்டது. விரல்கள் ஏன் மடங்கின என்பதற்கு இதுவே பதில். விழாமல் இருக்க அவை தரையைப் பற்றப் பார்த்திருக்கின்றன. பூட்ஸுக்குள் பற்றுவதற்குத்தான் ஒன்றுமில்லை.

சரி, அலிபிரியில் 3,550 படி ஏறி இறங்கிய கால்களுக்கு இது ஏன் பழகவில்லை? உங்கள் கேள்வியிலேயே எனக்குப் பிடித்த பகுதி இதுதான். காலி கோபுரம் வரைக்கும் ஏறும் படிகளிலும், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் சமமாகப் போய்விட்டு மோகாள்ள பர்வதத்தில் மறுபடி நிமிரும் படிகளிலும் கவனித்துப் பாருங்கள். பக்தர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு நடக்கிறார்கள். ஏறும்போது பலர் முன்பாதத்தை மட்டும் படியில் வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுகிறார்கள். இறங்கும்போது வயதானவர்கள் பாதத்தைக் குறுக்காகத் திருப்பி வைக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் கணுக்கால் ஒரு புதுக் கோணத்துக்குப் போகிறது, திரும்பி வருகிறது. குதிகால் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் கணுக்கால் அதைச் சரிக்கட்டிவிடுவதால் இடுப்புக்கு அந்தச் செய்தியே போய்ச் சேர்வதில்லை.

பனிச்சறுக்குப் பூட்ஸ் அந்தக் கணுக்காலைத்தான் முதலில் கட்டிப்போடுகிறது. பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விட்டு நான்கு கிளிப் போட்டு இறுக்கியதும் உங்கள் கணுக்கால் ஏறத்தாழ ஒரே கோணத்தில் நின்றுவிடுகிறது. பூட்ஸின் மேல்பகுதி ஏற்கெனவே 12 முதல் 16 பாகை வரை முன்னால் சாய்த்தே செய்யப்பட்டிருக்கும். உள்ளே பாதம் வைக்கும் பலகையும் குதிகால் பக்கம் உயர்ந்துதான் இருக்கும். இதற்கெல்லாம் அடியில் பைண்டிங் இன்னொரு 2.5 பாகையைச் சேர்க்கிறது. கணுக்கால் அசைய முடியாததால் அந்தக் கூடுதல் முழுவதும் காலின் முன்எலும்புக்கு ஏறுகிறது, கால் அந்த அளவு முன்னே சாய்கிறது. இனி உடம்பு என்ன செய்யும்? முன்னே போன எடையைப் பின்னே கொண்டுவர முழங்காலை இன்னும் மடக்கும், இடுப்பைப் பின்னே தள்ளும். நாற்காலி இல்லாமல் உட்காரும் நிலை அது. அந்த நிலையில் உடம்பைத் தாங்குவது பெரும்பாலும் தொடையின் முன்தசைதான். எரியாமல் என்ன செய்யும்?

பயிற்சியாளர் பார்த்தது உங்கள் இடுப்பை. அது பின்னால் இருந்தது உண்மை. பின்னால் போனதற்குக் காரணம் பயமோ சோம்பலோ அல்ல, கீழே இருந்து உங்களை முன்னே தள்ளிக்கொண்டிருந்த சரிவு. "முன்னால் சாயுங்கள்" என்று அவர் சொன்னதும் நீங்கள் இடுப்பிலிருந்து மடிந்து தலையை முன்னே கொண்டுபோயிருப்பீர்கள். இடுப்பு இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். சாய்வு குறைவாக இருப்பவருக்கு அந்த அறிவுரை மருந்து. அதிகம் இருப்பவருக்கு அது நோயைக் கூட்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் குறுக்கிடலாம்: "மலைச்சரிவே 20 பாகை இருக்கும்போது பைண்டிங்கின் 2 பாகை எந்த மூலைக்கு?" நியாயமான கேள்வி. படிக்கட்டில் நிற்பவருக்கும் சறுக்கிக்கொண்டிருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. படியில் நிற்கும்போது நம் எடை நேர்க்கீழாக இறங்குகிறது. உராய்வில்லாமல் சரிவில் வழுக்கிக்கொண்டிருக்கும் உடம்புக்கோ, சரிவோடு சேர்ந்து போகும் ஈர்ப்பின் பகுதி வேகமாக மாறிவிடுகிறது. மிச்சம் உணரப்படுவது பலகைக்குச் செங்குத்தாக அழுத்தும் பகுதி மட்டும். அதனால்தான் நன்றாகச் சறுக்குபவர்கள் வானத்துக்கு நேராக நிற்காமல் சரிவுக்குச் செங்குத்தாக நிற்கிறார்கள். மலையின் 20 பாகை கணக்கிலேயே வராமல் அடிபட்டுப் போகிறது. பைண்டிங்கின் 2 பாகை அடிபடுவதில்லை. சமதளமோ செங்குத்தோ, நீங்கள் போகும் இடமெல்லாம் அது காலடியில் கூடவே வரும். பனியின் உராய்வும் எதிர்க்காற்றும் இந்தக் கணக்கைச் சற்றுக் கலைக்கும் என்பது வேறு விஷயம்.

சறுக்கும்போது இது எப்படித் தெரியும்? சாய்வு மிகுந்தால் திருப்பம் தொடங்கும்போதே பலகையின் முனை பனியைச் சட்டென்று கவ்வும், வால்பகுதி பிடிப்பில்லாமல் வெளியே வழுக்கும். திருப்பத்தை ஆரம்பிப்பது சுலபம், முடிப்பது கஷ்டம். சமமான இடத்தில் லிஃப்டுக்காக வரிசையில் நிற்கும்போதுகூட நிம்மதியாக நிற்க முடியாது. சாய்வு மிகக் குறைந்தாலோ, கெண்டைச்சதை பூட்ஸின் பின்சுவரில் சாய்ந்துவிடும், முன்நாக்கில் கால் படவே படாது. திருப்பம் ஆரம்பிக்கவே கையை வீச வேண்டியிருக்கும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் முதல் ஜோடி முதல் வகை.

ஆனால் உடனே பைண்டிங்கைத் தூக்கில் போட்டுவிட வேண்டாம். ஜோடியை மாற்றும்போது மாறியது சாய்வு மட்டுமில்லை. வாடகைப் பைண்டிங்குகள் பலவும் தண்டவாளம் போன்ற தடத்தில் முன்னும் பின்னும் நகரக்கூடியவை; எந்த அளவுப் பூட்ஸும் பொருந்த வேண்டுமே. அவசரத்தில் ஒரு துண்டை மட்டும் நகர்த்தி உங்கள் சின்னப் பூட்ஸுக்குப் பொருத்தினால், பூட்ஸின் நடுக்கோடு பலகையின் நடுக்குறியை விட்டு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். முன்னே தள்ளிப் போயிருந்தால் முனை கவ்வும், வால் வழுக்கும். அதாவது மேலே சொன்ன அதே அறிகுறிகள். பூட்ஸின் பக்கவாட்டில் ஒரு சிறு நடுக்கோடு இருக்கும், பலகையின் மேற்பரப்பிலும் இருக்கும். அடுத்த முறை காலை மாட்டியதும் குனிந்து அந்த இரண்டும் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். அரை நிமிட வேலை. பலகையின் நீளமும் விளிம்பு தீட்டிய விதமும்கூட மாறியிருக்கலாம்.

பூட்ஸையும் விட்டுவிடக் கூடாது. தோழி கொடுத்தது என்கிறீர்கள். பின்பக்கம், கெண்டைக்கால் படும் இடத்தில் கழற்றக்கூடிய ஆப்பு ஒன்று சில பூட்ஸ்களில் இருக்கும். ஸ்பாய்லர் என்பார்கள். பெண்களுக்குப் பொதுவாகக் கெண்டைச்சதை சற்றுக் கீழே இறங்கியிருக்கும். பூட்ஸின் மேல்விளிம்பு சதை தடித்த இடத்தில் போய் முட்டி, காலை முன்னே தள்ளும். அதோடு ஆப்பும் இருந்தால் பைண்டிங்கே இல்லாமல் இரண்டு மூன்று பாகை சாய்வு வந்துவிடும். அந்த ஆப்பைக் கழற்ற ஒரு பைசா செலவில்லை. நான் முதலில் கைவைப்பது அதில்தான். பூட்ஸின் அடி தேய்ந்திருக்கிறதா என்றும் புரட்டிப் பாருங்கள். சறுக்குப் பூட்ஸோடு தார்ரோட்டில் நடந்தே குதிகாலைத் தேய்த்துவிடுகிறவர்கள் உண்டு. தேய்மானம் சாய்வை மட்டுமல்ல, விழும்போது பைண்டிங் காலை விடுவிக்கும் விதத்தையும் கெடுக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் கடைக்காரர்களே தடுமாறுகிறார்கள். பூட்ஸுக்கு உள்ளே குதிகாலுக்கு அடியில் ஓர் அட்டை வைப்பதும், பூட்ஸுக்கு வெளியே பைண்டிங்கின் குதிகாலை உயர்த்துவதும் ஒன்றல்ல. உள்ளே வைத்தால் பாதத்துக்கும் காலுக்கும் உள்ள கோணம் விரிகிறது, அதாவது கணுக்காலுக்கு ஓய்வு கிடைக்கிறது. கணுக்கால் இறுகியவர்களுக்கு அது உதவும். வெளியே உயர்த்தினால் கணுக்காலின் கோணம் துளியும் மாறாது. பூட்ஸ், கால், உடம்பு எல்லாம் ஒரே கட்டாக முன்னே கவிழும். கணுக்கால் இறுகியவருக்கு பைண்டிங்கின் பின்பக்கத்தை உயர்த்திக் கொடுப்பதும், நன்றாக மடங்கும் கணுக்கால் உள்ளவருக்கு பூட்ஸுக்குள் அட்டை வைப்பதும் எங்கும் நடக்கிற தவறான வைத்தியம். உங்களுக்கு எது என்று அறிய, செருப்பில்லாமல் குதிகால் தரையில் படியும்படி குத்தவைத்து உட்காருங்கள். பின்னால் சாயாமல் உட்கார முடிந்தால் கணுக்கால் நன்றாகவே மடங்குகிறது, உள்ளே அட்டை எதுவும் வேண்டாம். தரையில் உட்கார்ந்து பழகிய நம் பக்கத்து ஆட்களில் பலருக்கு இது எளிது.

சித்தூரில் பனி இல்லையே, எப்படிச் சோதிப்பது என்று கேட்பீர்கள். பனி வேண்டாம். 3 மி.மீ. பிளைவுட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சில துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். எந்த மரக்கடையிலும் சில்லறை வாங்கலாம். பூட்ஸை மாட்டி, சறுக்கும்போது இறுக்குவது போலவே இறுக்கி, சமமான தரையில் நில்லுங்கள். முதலில் ஒன்றும் வைக்காமல். பிறகு இரண்டு குதிகாலுக்கும் அடியில் ஒரு துண்டு, அடுத்து இரண்டு துண்டு. பிறகு அவற்றை எடுத்துவிட்டு விரல் பக்கத்துக்கு அடியில். ஒவ்வொரு நிலையிலும் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்று, மெல்ல முழங்காலை மடக்கி நிமிருங்கள். வீட்டில் யாராவது பக்கவாட்டிலிருந்து செல்போனில் படம் எடுக்கட்டும். எந்த நிலையில் விரல்கள் மடங்காமல், தொடை இறுகாமல், முன்நாக்கில் கால் இலேசாகப் படும்படி நிற்க முடிகிறதோ, அதுதான் உங்கள் சாய்வு. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இடுப்பு எங்கே போகிறது என்பது அப்பட்டமாகத் தெரியும். ஒரே ஓர் எச்சரிக்கை: இந்தத் துண்டுகள் வீட்டுத் தரைக்கு மட்டும். பூட்ஸின் அடியில் எதையாவது ஒட்டிக்கொண்டு பனியில் பைண்டிங்கை மாட்டாதீர்கள். பூட்ஸின் அடித்தடிமனுக்குக் கறாரான சர்வதேச அளவு உண்டு. சாதாரணச் சறுக்குப் பூட்ஸில் விரல் பக்கம் 19 மி.மீ., குதிகால் பக்கம் 30 மி.மீ. அதை மாற்றினால் விழும்போது பைண்டிங் விடாது. முழங்கால் தசைநார்தான் விடும்.

சரிசெய்ய வேண்டுமானால் தகட்டைப் பைண்டிங்குக்கும் பலகைக்கும் நடுவே வைக்க வேண்டும். விரல் பக்கத் துண்டைக் கழற்றி, அதன் அடியில் பிளாஸ்டிக் தகடு கொடுத்து, அதற்கேற்ற நீளமான திருகு போட்டு மறுபடி பூட்டுவார்கள். திருகு குட்டையாக இருந்தால் பிடுங்கிக்கொண்டு வரும், நெட்டையாக இருந்தால் பலகையின் அடிப்பாகத்தைத் துளைக்கும். இது பைண்டிங் மெக்கானிக்கின் வேலை. ஒரேயடியாக 6 மி.மீ. ஏற்றாமல் இரண்டு, மூன்றாக ஏற்றிச் சறுக்கிப் பார்ப்பது நல்லது. வாடகைப் பலகையில் இதெல்லாம் நடக்காது. அங்கே உங்களால் முடிந்தது வேறு ஜோடி கேட்பதுதான், நீங்கள் கேட்டதுபோல.

மில்லிமீட்டருக்காக இவ்வளவு மெனக்கெடலா என்று தோன்றினால், போட்டிக்காரர்களைப் பாருங்கள். பலகையின் அடியிலிருந்து பூட்ஸின் அடி வரை 50 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் விதி. அந்த 50-க்குள் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்பதை வீரரும் அவருடைய மெக்கானிக்கும் தகடு தகடாகச் சோதித்து முடிவுசெய்கிறார்கள். குல்மார்க் சரிவுகளில் வளர்ந்து, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராக இறங்கி, ஜெயண்ட் ஸ்லாலமில் 45-வது இடம் பிடித்த ஆரிஃப் கான் போன்றவர்களின் உலகம் அது. உங்களுக்கு அந்த நுணுக்கம் இப்போது தேவையில்லை. ஒரு பாகைக்குள் இருந்தால் உடம்பு சில நாளில் பழகிக்கொள்ளும். இரண்டு பாகையைத் தாண்டினால் பழக்கம் என்ற பெயரில் கெட்ட நிலைதான் ஊறும்.

இப்போது நீங்கள் வாங்கப்போகும் டூரிங் பைண்டிங்குக்கு வருகிறேன். பின் வகையை ஆஸ்திரியாவின் ஃப்ரிட்ஸ் பார்த்தெல் 1980-களில் உருவாக்கினார். எடை குறைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஏறும்போது குதிகால் விடுபட்டிருக்க வேண்டும், இறங்கும்போது பூட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டில் குதிகால் பின்கள் உயரத்தில் அமைந்துவிட்டதால் டெல்டா கூடிவிட்டது. ஏறும்போது குதிகாலுக்கு அடியில் நிமிர்த்தி வைக்கும் ரைசரைப் பார்த்து பயப்பட வேண்டாம். அது சில சென்டிமீட்டர் உயரம் கொடுக்கும், செங்குத்தான ஏற்றத்தில் கெண்டைச்சதை இழுபடாமல் காக்கும். முன்பாதத்தை மட்டும் படியில் வைத்து ஏறிய உங்களுக்கு அந்தச் சுகம் உடனே புரியும். இறக்கத்துக்கு முன் அதை மடக்கிவிடுவீர்கள். கவனிக்க வேண்டியது இறங்கும் நிலையில் மிச்சமிருக்கும் டெல்டாவை மட்டும்.

கடையில் எடையைத்தான் முதலில் சொல்வார்கள், "வெறும் 300 கிராம்" என்று. நீங்கள் இறங்கும் நிலையில் டெல்டா எத்தனை மி.மீ. என்று கேளுங்கள். தெரியாது என்றால் அளந்துவிடலாம்: பூட்ஸை மாட்டிய பலகையை மேசையில் வைத்து, வளைவு போகும்படி நடுவில் அழுத்திப் பிடித்து, மேசையிலிருந்து பூட்ஸ் அடியின் இரு முனைகளுக்கும் உயரம் எடுத்துக் கழித்தால் போதும். உங்கள் 275 மி.மீ. பூட்ஸுக்கு 5 மி.மீ.க்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 10-ஐத் தாண்டினால், விரல் பக்கத்துக்கு அடியில் வைக்கும் தகட்டை அதே நிறுவனம் விற்கிறதா என்று பார்த்து, அதையும் சேர்த்து வாங்குங்கள். இல்லையென்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். நூறு கிராம் எடை கூடினாலும் பரவாயில்லை.

அதற்கும் முன்னால் ஒன்று. பைண்டிங்கில் பணத்தைப் போடாமல் உங்கள் சொந்தப் பூட்ஸில் போடுங்கள். தோழியின் பூட்ஸ் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் பின் வகைப் பைண்டிங்குக்கு விரல் முனையிலும் குதிகாலிலும் உலோகக் குழி வைத்த தனிப் பூட்ஸ் வேண்டும், சாதாரணப் பூட்ஸ் அதில் மாட்டவே மாட்டாது. டூரிங் பூட்ஸை வாங்கி, பிளைவுட் சோதனையை அதில் ஒரு தடவை செய்து, அந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு பைண்டிங் கடைக்குப் போங்கள். பொருத்தி முடிந்ததும், தகடு வைத்தாலும் வைக்காவிட்டாலும், பைண்டிங் சரியான விசையில் காலை விடுகிறதா என்று கருவி வைத்துச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். அந்தச் சோதனை செய்யாத கடையில் பைண்டிங் பூட்டாதீர்கள்.